பி-காம்ப்ளெக்ஸும் வெங்காயக்கலர் கோழியும்

ஆரணியில் டானிக் குடிக்காத ஜீவன் ஒன்று இருந்திருந்தால், அது பி-காம்ப்ளெக்ஸின் கண்ணில் படாத ஜீவனாகத்தான் இருந்திருக்கும்.

பி-காம்ப்ளெக்ஸ் எனக்கு மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டவர். மெடிக்கல் ஷாப் கவுண்டரில் ஆயுசு முழுக்க நின்றுவிட்டு ஓய்வு பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் கேஸ் சிலிண்டர் புக் பண்ணத்தான் பயன்பட்டது. தெருவுக்கு அவர் பி-காம்ப்ளெக்ஸ்தான். மாற்றலாகி வந்த முதல் நாள் நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

“ரத்தம் கம்மி சார். சாவி அப்புறம் வாங்கிக்கலாம். மொதல்ல இரும்புச் சத்து.”

நான் தப்பித்தேன். கொல்லையில் மேய்ந்த கோழிகளுக்குத் தப்பிக்க வழியில்லை.

அந்தக் கொல்லையைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் சாயப்பட்டறை. மதில்மேல் மூங்கில் கழிகளில் பட்டு நூலைக் கொத்துக் கொத்தாக உலர்த்துவார்கள். மதிய வெயில் அதன் வழியே வடிந்து இறங்கும். வெள்ளைக்கோழி ஒன்று அதனடியில் நடந்து வரும். சிவப்பாகும், மஞ்சளாகும், மறுபடி வெள்ளையாகும். எங்கோ பவர்லூம் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது.

பட்டுக் கடையில் வேலை பார்த்த வீட்டம்மா, கோழிகளுக்குச் சேலைக் கலர்களைப் பெயராக வைத்திருந்தார். மயில்கழுத்து, மாம்பழக்கலர், வெங்காயக்கலர். பி-காம்ப்ளெக்ஸ் அவற்றுக்கு வியாதிகளை வைத்திருந்தார். மயில்கழுத்துக்கு ஈரல் பலவீனம். மாம்பழத்துக்கு ஞாபகமறதி, முட்டையிட்ட இடத்தை மறந்துவிட்டதாம். காலையில் தண்ணீரில் விட்டமின் சொட்டு, மதியம் சோற்றில் ஈரல் டானிக், சாயந்தரம் கால்சியம். யூடியூபில் யாரோ மீனெண்ணெய் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே அதுவும் சேரும். சேவலுக்குத் தெம்பு கூடி, கூவும் நேரமே மாறிப்போனது. மதியம் சாப்பிட உட்கார்ந்தால் எங்களுக்குப் பொழுது விடியும்.

வீட்டம்மா என்னிடம் முறையிடுவார். “எனக்கு மூட்டு வலின்னா தைலம் எங்க கீதுன்னு கேட்டுகினு நிக்கறாரு தம்பி! கோழி ஒரு தபா தும்மினா ஊரக் கூட்டறாரு!”

“நீ வாயத் தொறந்து சொல்லிட்ற. அதுக்குச் சொல்லத் தெரியாதே, பாவம்” என்பார் பி-காம்ப்ளெக்ஸ்.

அப்படி இருக்கையில் வெங்காயக்கலர் படுத்தது. மதிலோரம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் செருகி, உருண்டையாக உட்கார்ந்துவிட்டது. அது அவர் தோளில் ஏறி ஊர்வலம் போகும் செல்லக்கோழி. தண்ணீரில் இன்னொரு டானிக்கைக் கலந்தார். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. மேலும் ஒன்றைக் கலந்தார். மறுநாள் அதற்குத் தலை நிற்கவில்லை.

“சார், ஜல்தி வாங்க!” என்றார். ஒயர் கூடையில் கோழியை வைத்துக்கொண்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா சின்ன வயது. “என்னென்ன குடுத்தீங்க ஐயா?” என்று கேட்டார்.

பி-காம்ப்ளெக்ஸ் பெருமையாக ஆரம்பித்தார். சொல்லச் சொல்லப் பெருமை குறைந்தது. முடித்தபோது குரலே வெளியே வரவில்லை.

“கோழி வெளிய மேயுதா?”

“மேஞ்சிகினுதான் இருக்குதும்மா. கீரை, புழு, பூச்சி எல்லாம் கெடைக்குது. கம்பு, கேவுரும் போடறோம். தீவனமும் வைக்கறோம்.”

“அப்புறம் எதுக்கு டானிக்? நல்லா மேயற கோழிக்கு அதுவே போதும். முட்டை ஓட்டுக்குக் கிளிஞ்சல் தூள் தனியா ஒரு கிண்ணத்துல வைங்க, வேண்டியது கொத்திக்கும். சீக்குலேர்ந்து எழுந்தா, கடும் வெயில் அடிச்சா, நாங்க சொன்னா கொஞ்ச நாள் விட்டமின் குடுங்க. தினமும் குடுத்தா கெடுதல். இதுக்கு வேற நோய் எதுவும் தெரியல ஐயா. நீங்க கலந்ததுல தண்ணி கசந்துபோச்சு. அது தண்ணியே குடிக்காம காஞ்சிபோயிருக்கு.”

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தைத் திரும்பத் திரும்பக் கழுவி, முகர்ந்து பார்த்தார். வெறும் தண்ணீரை ஊற்றி எடுத்துப்போய்க் கோழியருகே மண்ணில் உட்கார்ந்தார். விரலை நனைத்து அதன் அலகோரம் வைத்தார். ஒரு சொட்டு. காத்திருந்தார். இன்னொரு சொட்டு. அந்த மனிதருக்கு எதையும் கலக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் மதியம் அது தானாகக் கிண்ணத்தில் அலகை விட்டது. தலையை அண்ணாந்து விழுங்கியது. அவரும் அண்ணாந்தார். அது குனிந்தது, அவரும் குனிந்தார். மேலே பட்டு நூல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இருவர்மேலும் நிறங்கள் வந்து வந்து போயின. வீட்டம்மா பக்கத்தில் போய் நின்று, “நீங்களும் ரெண்டு வாய் தண்ணி குடிங்க. காலையிலேர்ந்து ஒண்ணுமே குடிக்கல” என்றார். மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தார்.

கோழி பிழைத்துக்கொண்டது. கிளிஞ்சல் தூள் வந்தது. டானிக் பாட்டில்கள் போயின. பி-காம்ப்ளெக்ஸுக்குத்தான் கலக்க எதுவுமில்லாமல் கை பரபரத்தது. இரண்டு நாள் கொல்லையில் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அதற்கடுத்த மதியம் அவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெங்காயக்கலர் அவர் பாதத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, அதுவும் கண்ணை மூடியிருந்தது. சாப்பிட வந்திருந்த எனக்கு ஆபீசுக்குத் திரும்ப நேரமாகிக்கொண்டிருந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படி இறங்கினேன்.