திலகத்துக்குத் தெரியாத மெயில்

முப்பத்தைந்து வருடம் தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன், ஒரே ஒரு கடிதத்தை மனைவிக்குத் தெரியாமல் அனுப்ப முடியாதா? முடியும் என்று ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து வரும் வழியில் முடிவெடுத்தேன். அப்போது எனக்கிருந்த தைரியத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டு வாசல் வரைக்கும் கூடவே வந்தது.

விஷயம் இதுதான். அந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த வீடும் போகும். மகள் யுவனேஸ்வரி மலைக்குக் கீழே ஈப்போ நகரத்தில் எங்களுக்கென்று ஒரு அறையைத் தயார் செய்து வைத்திருந்தாள். ஏசி போட்ட அறை. என் மனைவி திலகம் பேரப்பிள்ளைகளுக்காக ஏங்குகிறாள் என்று நினைத்து, நானும் ஈப்போவை ஆகா ஓகோ என்று புகழ்ந்து வந்தேன். உள்ளுக்குள் கதை வேறு. குளிரை ஜன்னலைத் திறந்து வாங்கியவன், இனி மெஷினில் வாங்க வேண்டுமா? இந்த மலையை விட்டு இறங்க எனக்கு மனமே இல்லை.

இன்னும் இரண்டு வருடம் வேலை கொடுங்கள் என்று எஸ்டேட் மேனேஜரான துரையைக் கேட்கலாம். எதுவானாலும் மெயிலில் வரட்டும் என்பது துரையின் உத்தரவு. ஆபீஸ் மெயிலில் எழுதினால் அங்கே இருக்கும் பெண்கள் எல்லாரும் படிப்பார்கள். எல்லாரும் திலகத்தின் கட்சி. போனில் எழுதலாம் என்றால், என் போனை என்னைவிட அதிகம் பார்ப்பவள் அவள்தான். ஆகவே ஆபீசில் கழித்துப்போட்டு எங்கள் வீட்டுக்கு வந்த பழைய கம்ப்யூட்டரில் புது முகவரியோடு ஒரு ரகசிய மெயில். திலகம் அதன்மேல் துணி போர்த்தி ரோஜாத் தொட்டி வைத்திருந்தாள். தொட்டியை இறக்கினேன்.

"என்னங்க பண்றீங்க?"

"தூசி தட்டறேன்."

"இத்தன வருஷமா ஒரு தட்டைக் கழுவினதில்ல. இன்னிக்கு என்ன தூசி?"

"ரிட்டயர் ஆகப் போறேன்ல. பழகிக்கிறேன்."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மெயில் புரோகிராமைத் திறந்தேன். அது கேட்ட கேள்விகளை எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மாடசாமி ஃபேக்டரியில் ஃபிட்டர், இதெல்லாம் தெரிந்தவன். ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கிசுகிசுத்தான்.

"இன்கமிங் சர்வர் என்ன போட்டீங்க அண்ணே?"

"ஒண்ணும் போடல. அவுட்கோயிங் மட்டும் போட்டேன். எனக்கு அனுப்பத்தானே வேணும்."

"பதில் வர வேணாமா?"

"வரணும்."

"அப்ப ரெண்டும் போடணும்லா. வர்றதுக்கு ஒரு வழி, போறதுக்கு ஒரு வழி."

"போர்ட் நம்பர் வேற கேக்குதுடா."

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணு. மெதுவா பேசுங்க, அண்ணி காதுல விழப்போகுது."

பாஸ்வேர்டு தப்பு என்று நாலு தடவை சொன்னது. நான் ஒரு தப்பும் செய்யவில்லை. கேப்ஸ் லாக்தான் செய்திருந்தது.

கடைசியில் ஒரு கட்டம். அனுப்பும் ஒவ்வொரு மெயிலின் நகலும் யாருக்குப் போக வேண்டும்?

"அதக் காலியா விட்ருங்க அண்ணே," என்றான் மாடசாமி.

விடுவேனா? கோப்புக்கு ஒரு நகல் எடுக்காமல் எங்கள் ஆபீசை விட்டு ஒரு துண்டுச் சீட்டுகூட வெளியே போனதில்லை. கார்பன் தாள் காலத்திலிருந்து என் கைக்குப் பழகிய வழக்கம். உர மூட்டைத் தகராறில் ஒரு துரையின் மானத்தையே காப்பாற்றியது என் நகல்தான். என் வாழ்க்கையின் மிக முக்கியமான கடிதம் நகல் இல்லாமல் போவதா? மகள் பல வருடம் முன்பு எனக்கு உண்டாக்கித் தந்த ஒரு முகவரி மனப்பாடமாக இருந்தது. நான் தொட்டே பல மாதம் ஆகியிருந்தது. கோப்பு வைக்க அதைவிட நல்ல அலமாரி ஏது? அதைக் கட்டத்தில் அடித்தேன்.

முதலில் மாடசாமிக்கு ஒரு சோதனை மெயில்: "சோதனை. திலகத்துக்குத் தெரியக் கூடாது."

அடுப்படியில் திலகத்தின் போன் டிங் என்றது. மகள் ஏதாவது படம் அனுப்பியிருப்பாள் என்று நினைத்தேன்.

பிறகு துரைக்கு. வேலை நீட்டிப்பு வேண்டும் என்று எழுதிவிட்டேன். காரணம் எழுதும் இடத்தில்தான் கை நின்றது. மலையை விட்டுப் போக எனக்கு அழுகை வருகிறது என்று ஒரு கிராணி எழுதலாமா? கொஞ்சம் மாற்றினேன். "என் மனைவி இந்த எஸ்டேட்டை விட்டுப் போக மனமில்லாமல் தினமும் அழுகிறாள். சாப்பாடு இறங்கவில்லை. எடையும் குறைந்துவிட்டது."

அனுப்பினேன். அடுப்படியில் மறுபடியும் டிங்.

கொஞ்ச நேரத்தில் திலகம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை இல்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் மெயில் பெட்டியைத் திறந்தேன். துரையின் பதில் வந்திருந்தது. 'அன்புள்ள சிங்காரம், திலகம்' என்று ஆரம்பித்திருந்தது. அவள் பெயர் எதற்கு இங்கே? வயது வரம்பு காரணமாக உங்களுக்கு நீட்டிப்புத் தர இயலாது. ஆனால் சுற்றுலாப் பயணிகளுக்காக எஸ்டேட்டில் திறக்கும் தேநீர்க் கடைக்கு மேற்பார்வையாளர் தேவை. இந்த மண்ணை இவ்வளவு நேசிக்கும் உங்கள் மனைவிக்கு அந்த வேலையைத் தரலாம். வேலையோடு இதே வீடும்.

அதற்குக் கீழே இன்னொரு மெயில். அனுப்பியது என் பழைய முகவரி. "நன்றி துரை. ஒண்ணாம் தேதி வேலைக்கு வருகிறேன். திலகம்."

"நான் எப்பங்க அழுதேன்?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அது... உனக்கு எப்படி..."

"போன வருஷம் உங்க பழைய போனைக் குடுத்தீங்கள்ல. அந்த மெயில் அதுலயேதான் இருக்கு. நீங்க அனுப்புறது எல்லாம் எனக்கும் வருது. துரையும் அத என் முகவரின்னு நெனச்சு ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பதில் போட்டிருக்காரு."

"ஓ."

"எடை கொறஞ்சிருச்சாமே. போன மாசம் ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சுப் பெருசா தெச்சேன். அதையும் எழுதியிருக்கலாம்ல."

"திலகம், வந்து..."

"அழுதது யாருங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூடுபனியில் மாடசாமி வீடே தெரியவில்லை. "நான்தான்," என்றேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாயைத் தொறந்து சொல்றதுக்கென்ன? எனக்கும்தான் அந்த வெயில நெனச்சாலே ஒடம்பு எரியுது. என் கத்திரிச் செடியெல்லாம் யாரு பாப்பா? நீங்க ஈப்போ ஈப்போன்னு ஆசையா பேசறீங்களேன்னு பேசாம இருந்தேன். சனிக்கிழம உங்க லெட்டரப் படிச்சப்புறந்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது. இந்த வீடு, இந்தக் குளிர், எல்லாம் அப்படியே இருக்கும். சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடவில்லை.

வேலையின் கடைசி நாள் ஆபீசில் ஒரு ஃபாரம் நிரப்பப் பாக்கி இருந்தது. எஸ்டேட் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்ற படிவம். எல்லாருக்கும் அதை நிரப்பித் தந்தவன் நான். எங்கள் வீட்டுக்கும் நானே டைப் செய்தேன். குடும்பத் தலைவர்: திலகம், மேற்பார்வையாளர். அவரைச் சார்ந்திருப்பவர்: சிங்காரம். தொழில்: இல்லை.

கையெழுத்துக்கு வீட்டுக்குக் கொண்டுபோனேன். திலகம் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள்.

"உறவுமுறைங்கிற எடத்துல என்ன போட்டிருக்கீங்க?"

"கணவர்னு போட்டிருக்கேன்."

கொஞ்சம் யோசித்தாள்.

"சரி, இப்போதைக்கு அதுவே இருக்கட்டும்."