கட்டார் பக்கம்

கார் வாங்கிய பிறகுதான் நம் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்கு ஓட்டத் தெரியும் என்பது தெரியவரும். அதுவரை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொண்டவர்கள் எல்லாம், கார் வந்த அன்றே பர்ஸைத் திறந்து லைசன்ஸைக் காட்டுவார்கள். "சும்மா ஒரு ரவுண்டுதான்" என்பார்கள். அந்தச் "சும்மா"வைக் கேட்டாலே நான் சாவியை ஒளித்துவைப்பேன்.

நான் இலங்கை மலைநாட்டில், பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்கள் குடும்பத்தில் கார் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள். அப்பாவும் அம்மாவும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்த எங்கள் வீட்டில் சக்கரம் வைத்த சொத்து என்று அம்மாவின் தையல் மெஷின் ஒன்றுதான் இருந்தது (அதுவும் ஓடாது). ஆகவே அந்தச் சின்ன வெள்ளைக் காரை நான் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தேன். சீட்டு உறையின் பொலித்தீனைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை. வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் முதுகோடு சேர்ந்து வரும். ஒருநாள் ஆலங்கட்டி மழையில் நான் நனைந்துகொண்டு, குடையைக் காரின் முன்கண்ணாடிக்குப் பிடித்தபடி நின்றேன் (பொய்யில்லை, பக்கத்து வீட்டு அம்மா இன்றும் ஊரெல்லாம் சொல்கிறார்). என் வீட்டுக்காரருக்கும் லைசன்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் காரில் அவருக்கு இருந்தது பாட்டு மாற்றும் அதிகாரம் மட்டும்.

இப்படிப்பட்ட என்னிடம்தான் அத்தான் சாவியைக் கேட்டார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர், செல்வராஜ். மகள் தர்ஷினி நடக்கத் தொடங்கிய வயதில் அரபு நாடான கட்டாருக்குப் போனவர். அங்கே ஒரு பெரிய மனிதரின் வீட்டில் டிரைவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு போட்டோ வரும். கப்பல் மாதிரி ஒரு காரில் சாய்ந்துகொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு நிற்பார். லயத்தில் பாதிப் பேர் அந்தக் கார்களெல்லாம் அவருடையவை என்றே நம்பினார்கள். தர்ஷினி படிப்பை முடித்த வருஷம் அவர் திரும்பி வந்தார். இரண்டு சூட்கேஸ், ஒரு பெரிய டீவி, வேலை செய்யாத இரண்டு சிறுநீரகம்.

அதன்பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் டயலிசிஸ். ஓட்டோவில் வந்தால் குலுக்கல் தாங்கவில்லை என்று அக்கா சொன்னதால், நான் காரில் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். (பொலித்தீன் உறை அப்போதுதான் கழன்றது. ஒட்டிக்கொண்டு உட்கார அவருக்கு முடியவில்லை.) பக்கத்தில் உட்கார்ந்து வரும் டிரைவரைப்போல ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. வளைவு வருவதற்கு முன்பே அவர் கால் தரையை அழுத்தும். நான் பிரேக் போடுவதற்கு முன்பே அவர் போட்டுவிடுவார்.

"ஏன் புள்ள, பஸ்ஸு பின்னாடி இப்புடி ஒட்டிக்கிட்டுப் போற? என்னமோ முறைமாமனப் பாத்த மாதிரி!"

"அத்தான், நீங்க கொஞ்சம் கண்ண மூடிக்கிட்டுப் படுங்களேன்."

"கண்ண மூடுனா பயமா இருக்கு. நீ ஓட்டுறயில்ல."

இப்படிச் சண்டை பிடித்துக்கொண்டே போவோம். திரும்பி வரும்போது அவர் பேசமாட்டார். முகம் சாம்பல் பூத்திருக்கும்.

தர்ஷினியின் கல்யாணத்தை அவசரமாக வைத்தோம். ஏன் அவசரம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாப்பிள்ளை பண்டாரவளைப் பையன், நல்ல பையன். முகூர்த்தம் ஒரு புதன்கிழமை காலையில், பதுளையில் ஒரு மண்டபத்தில். கல்யாணத்துக்கு முந்திய வாரம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அத்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

"புள்ள, ஒண்ணு கேப்பேன். இல்லேன்னு சொல்லப்படாது."

"காரத் தவிர எதுவேணாலும் கேளுங்க."

"கார்தான்."

நான் தேவையில்லாமல் ஹோர்ன் அடித்தேன்.

"அவ ஸ்கூலு சேந்ததுக்கு நா இல்ல. வயசுக்கு வந்த சாமத்தியச் சடங்குக்கும் இல்ல. ஊருல உள்ளவன் புள்ளைங்கள ஸ்கூலுக்கு ஏத்தி எறக்குனேன், எம்புள்ளைய ஒருநாளு ஏத்துனதில்ல. லயத்துலருந்து மண்டபம் வரைக்கும். அம்புட்டுத்தான்."

இதற்குப் பிறகும் இல்லையென்று சொல்ல முடியுமா? நான் சொல்லப் பார்த்தேன். "ரோடு மோசம் அத்தான்" என்றேன். "இன்ஷூரன்ஸ்ல என் பேரு மட்டும்தான் இருக்கு" என்றேன் (அது பொய்). கடைசியில், "நா பக்கத்துல உக்காருவேன், சரின்னா தாரேன்" என்று ஒப்புக்கொண்டேன். அன்றிரவு காருக்கு என்ன ஆகுமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவே எனக்குத் தோன்றவில்லை. என் மூளை அந்த லட்சணம்.

கல்யாண நாள் காலை. காருக்கு ரிப்பன், பூ, பொனட்டில் ஒரு பொம்மை. அக்காவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். தர்ஷினி அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு பின் சீட்டில் ஏறினாள். அத்தான் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, கட்டார்க் கறுப்புக் கண்ணாடி. லயத்தில் மிஞ்சியிருந்த சனமெல்லாம் வாசலில் நின்றது. அவர் கம்பீரமாக நடந்து வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்தார். கையை நீட்டினார். அங்கே ஸ்டியரிங் இல்லை.

கட்டாரில் ஸ்டியரிங் இடதுபக்கம், ஓடுவது வலதுபக்கம். நம் நாட்டில் எல்லாம் தலைகீழ். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே இறங்கிச் சுற்றி வந்தார். நான் சிரிக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர் ஓட்டியபோது அது என் கார் மாதிரியே இல்லை. நான் ஓட்டினால் அந்த ரோட்டில் அது ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளும். அவர் கையில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு பள்ளத்தையும் கெஞ்சிக் கேட்டு இறங்கினார். கண்ணாடியில் அடிக்கடி மகளைப் பார்த்துக்கொண்டார்.

"பாப்பா, ஏசி போதுமா?"

"போதும்ப்பா. நீங்க ரோட்டப் பாருங்க."

நான் சீட்டில் கொஞ்சம் சாய்ந்துகூட உட்கார்ந்துவிட்டேன். அதுதான் தப்பு.

தேயிலை மலைக்கு நடுவே ஒரு இறக்கம், அடுத்து வளைவு. அந்த இறக்கத்தில் கார் வேகம் குறைய வேண்டும். குறையவில்லை. "அத்தான், பிரேக்!" என்றேன். கார் வளைவில் அகன்று, ரோட்டின் வலதுபக்கத்துக்குப் போனது. எதிரே கொழுந்து ஏற்றும் லொறி, ஹோர்ன் அலறிக்கொண்டு வந்தது. இடதுபக்கம் பள்ளம். வலதுபக்கம் மேட்டையொட்டித் தண்ணீர் ஓடும் கான். அவர் ஒரே வெட்டாக ஸ்டியரிங்கை வலதுபக்கம் திருப்பினார். என் வெள்ளைக் கார், ரிப்பன், பூ, பொம்மை சகிதம் கானுக்குள் இறங்கி, தேயிலைச் செடியில் மூக்கைக் குத்தி நின்றது.

"பாப்பா!" என்று கத்தினார் அத்தான்.

"ஒண்ணுமில்லப்பா. பூமாலதான் நசுங்கிருச்சு."

எனக்கும் ஒன்றுமில்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து, தன் வலதுகாலை இரண்டு கையாலும் தூக்கி, பெடலிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய காலையோ நகர்த்துவதுபோல.

அதற்குள் மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கொழுந்துப் பையோடு ஓடிவந்துவிட்டார்கள். லொறிக்காரரும் இறங்கி ஓடிவந்தார். "என்னாச்சுங்க? என்னாச்சுங்க?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அத்தான் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலை இறக்கி, பெரிய குரலில் சொன்னார்:

"ஒண்ணுமில்லங்க! கட்டாருன்னு நெனச்சு வலது பக்கமா ஓட்டிட்டேன்!"

உடனே அந்த மலையே சிரித்தது. பின்னாலிருந்து தர்ஷினியும் சிரித்தாள். கொழுந்துப் பெண்கள் மணப்பெண்ணைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். லொறிக்காரர் வண்டியைத் திருப்பினார். தர்ஷினி முன்னால் டிரைவர் பக்கத்தில். நானும் அத்தானும் பின்னால், கொழுந்துச் சாக்குகளின் மேல். நான் காஞ்சிபுரம் உடுத்திக்கொண்டு அழுதேன். மகள் போகிறாளே என்று சித்தி அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். பாதி அழுகை முன்பம்பருக்கு.

லொறி இறங்கத் தொடங்கியதும் அத்தான் என் காதருகே குனிந்தார்.

"காலு வரல புள்ள. மிதி மிதின்னு சொல்றேன், அது கேக்கல."

"எப்ப இருந்து இப்புடி?"

"கொஞ்ச நாளா மரத்து மரத்துப் போகும். இன்னைக்கு ஒரு நாளைக்குக் கேக்கும்னு நெனச்சேன்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவகிட்டச் சொல்லிராத. கல்யாணப் பொண்ணு. ஒங்கக்காகிட்டயும் வேணாம்."

பம்பருக்கான அழுகை அத்தோடு நின்றுவிட்டது.

மணப்பெண் கொழுந்து லொறியில் வந்து இறங்கியதைக் கண்டு மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கே வந்து எட்டிப் பார்த்தார்கள். முகூர்த்தம் தவறவில்லை, அவ்வளவுதான். தாரைவார்க்கும் நேரத்தில் அத்தானின் பட்டு வேட்டியில் ரத்தம் பரவுவதைச் சம்பந்தியம்மா பார்த்துவிட்டு, "ஐயையோ!" என்று கத்தினார். கானில் ஏறிய அட்டை. அது விழுந்த பிறகும் ரத்தம் நிற்கவில்லை. டயலிசிஸில் போடும் மருந்தினால் அவருக்குச் சீக்கிரம் உறையாது. அக்கா சேலைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தாள். அத்தான் ஐயரைப் பார்த்து, "நீங்க மந்திரத்தச் சொல்லுங்க சாமி. ஆஸ்பத்திரி மெஷினு ரத்தத்த எடுத்தா திருப்பித் தந்துரும். இது எடுத்துக்கிட்டுப் போயிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார். ஐயரே சிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் காரில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிடுவார். நான் எப்படி ஓட்டினாலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். பஸ்ஸை ஒட்டி ஒட்டி ஓட்டிக்கூடப் பார்த்தேன். மழைக்காலம் தொடங்கும்போது போய்விட்டார்.

இழவு வீட்டிலேயே அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். "மேல போற வழியிலயும் வலது பக்கமாத்தான் போயிருப்பாரு" என்று யாரோ சொல்ல, அக்காகூட அழுகைக்கு நடுவே சிரித்தாள். இன்று எங்கள் குடும்பத்தில் வழிதவறினாலும், செருப்பைக் கால் மாற்றிப் போட்டாலும், அது "கட்டார் பக்கம்"தான். என் காரை இப்போது யாரும் கேட்கலாம். வீட்டுக்காரர் ஓட்டுகிறார், கேட்டில் உரசுகிறார், நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன மாதம் தர்ஷினி பண்டாரவளையிலிருந்து வந்திருந்தாள். லைசன்ஸ் எடுத்துவிட்டாள். சாவியைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஸ்பிரிங்வெளிக்கு ஏறும்போது, எல்லாரும் சொல்வதுபோல நானும் சொன்னேன்: "பாப்பா, கட்டார் பக்கம் போயிராத."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா அன்னைக்குச் சரியான பக்கந்தான் ஓட்டுனாரு சித்தி" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நா பின்னாலதானே இருந்தேன். ரெண்டு கையாலயும் காலத் தூக்கி வச்சாரு. பாத்தேன்."

"பின்ன ஏண்டி அன்னைக்கு அப்புடிச் சிரிச்ச?"

"அவரு எனக்காகத்தானே அப்புடிச் சொன்னாரு. நா சிரிக்கலேன்னா அவரு மொகம் என்னத்துக்கு ஆகும்?"

கியரை மாற்றினாள்.

லயத்தில் அக்கா வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது, எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்த தர்ஷினியின் வீட்டுக்காரர், புதிதாக வந்த ஒரு சொந்தக்காரருக்கு அந்தக் கதையைத் தொடங்கினார். மாப்பிள்ளையான அவர் அன்று மண்டபத்தில் மேடையில் உட்கார்ந்திருந்தவர், எதையும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் சொல்லும் கதையில் மாமனார் ஸ்பிரிங்வெளியிலிருந்தே வலதுபக்கமாக ஓட்டிவருகிறார், எதிரே ஒரு லொறியும் இரண்டு பஸ்ஸும் வருகின்றன. "கட்டாருன்னு நெனச்சுட்டேன்" என்று அவர் குரலை மாற்றிச் சொன்னதும் வீடே சிரித்தது. தர்ஷினி என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தோம்.