பின்கேட்டுப் பதவி

இடைவேளை மணி அடித்து நெடுநேரமாகியும், கோலா சிலாங்கூர் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடைக்குள் ஒரு மாணவன்கூட நுழையவில்லை. ரொட்டி சானாய் அடுக்கடுக்காக ஆறிக்கொண்டிருந்தது.

"பின்கேட்டுல யாருடா நிக்கிறது?"

"உங்க மகன்தான் முதலாளி. வர்றவனையெல்லாம் புடிச்சுத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குள்ள தள்ளுறாரு," என்றான் ரொட்டி போடும் மஸ்தான்.

மகன் நாகூர் மீரான் ஹெட் பிரிபெக்ட், அதாவது மாணவர் தலைவன், ஆனது தானாக நடந்ததல்ல. அந்தப் பள்ளியின் ஐயாவு வாத்தியார் தினமும் ஊருக்குப் போக ஜெராம் பஸ் வரும்வரை அந்தக் கடையில் ஓசியில் தேநீர் குடிப்பவர். "எண்பதாம் வருஷத்துக்கு அப்புறம் எல்லாம் மாறிப்போச்சு பாய். மார்க்கை மட்டும் வச்சுக் காலேஜ் கிடைக்காது. பையன் தலைவனா இருக்கணும்," என்றார். உடனே சீனி முகம்மது, விளையாட்டுப் போட்டி நாளில் பள்ளிக்கூடம் முழுக்கப் பிரியாணி போட்டார். மறுவாரமே மகன் சட்டையில் பேட்ஜ் ஏறியது. பிரியாணி சாப்பிட்டவர்கள் கண்ணுக்கு யாருடைய தலைமைப் பண்பும் தெரியத்தான் செய்யும்.

மகன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும், அடுப்பு வெக்கை தன்னோடு போகட்டும். சீனி முகம்மதுவுக்கு இருந்த ஒரே ஆசை அதுதான்.

வீட்டில் மகனிடம் கெஞ்சினார்.

"நம்ம கடைக்கு வர்றவனை மட்டும் கண்டுக்காதடா."

"முடியாது வாப்பா. நம்ம கடைக்குப் போறவனை முதல்ல புடிச்சாத்தான் லீடர்ஷிப்னு ஐயாவு சார் சொல்லிட்டாரு!"

சீனி முகம்மது நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலங்களை வேலி ஓட்டை வழியாக அனுப்பிப் பார்த்தார். நாகூர் மீரான் அத்தனையையும் பறிமுதல் செய்து, ஓட்டையையும் அடைத்தான். தலைமையாசிரியர் அவனைச் சபையில் பாராட்டினார். பள்ளிக் கேண்டீனைப் புதிதாக எடுத்து நடத்திய நல்லம்மாள் கூட்டம் தாங்காமல் இன்னோர் அடுப்பு வைத்தாள்.

சீனி முகம்மது வாத்தியாரிடமே போய் முறையிட்டார்.

"பொறுங்கலா பாய்! இன்னும் நாலு பதவி வாங்கிக் குடுத்துட்டா, கேட்டுல நிக்க அவனுக்கு நேரமேது?"

மறுபடியும் பிரியாணி. பூப்பந்து, சாரணர், பேச்சுமன்றம், தோட்டக்கழகம் என்று நான்குக்கும் நாகூர் மீரானே தலைவன். தோட்டக்கழகத்தில் வேறு உறுப்பினரே இல்லை. புல்லுக்குத் தலைமை தாங்கினான். பின்கேட்டுக்கோ இரண்டு உதவியாளர்களை நியமித்துவிட்டான். முன்பு தப்பி வந்த ஒன்றிரண்டு பேரும் இப்போது வரவில்லை. ஒரு கழகக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டிருந்த நாகூர் மீரான் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் ஃபெயில், அறிவியலில் ஃபெயில். கல்லூரியிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக்கூட அழைக்கவில்லை. சீனி முகம்மது வாத்தியார் முன்னால் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

"அஞ்சு பதவி சார்! அஞ்சு!"

"ஆறு இருந்திருக்கணும் பாய்," என்று வாத்தியார் தேநீரை உறிஞ்சினார். "போனது போகட்டும். சின்னவ அஜீஸாவையாவது இப்பவே பிரிபெக்ட் ஆக்கிடுங்க."

சொல்லிவிட்டு ஜெராம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். பட்டும் திருந்தாத சீனி முகம்மது, பிரியாணிச் சட்டியைக் கழுவும்படி மஸ்தானை ஏவினார்.

கல்லாவின் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த அஜீஸா நிமிர்ந்தாள்.

"எனக்கு வேணாம் வாப்பா! கேண்டீன் நடத்துற நல்லம்மாக்காவோட மக கலாவதிக்கு அந்தப் பதவி குடுத்தப்ப, 'படிக்கிற பிள்ளைக்கு இந்த வெட்டி வேலை எதுக்கு'ன்னு வேணாம்னு சொன்னதே அவ அப்பா, நம்ம ஐயாவு சாருதானே!"