வேக வழியில் ஒரு கடைசிப் பக்கம்

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். மனைவியைக் கேட்காமல் எடுத்தேன். கல்யாணமான பதினாறு வருஷத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை மீசையை எடுத்தேன். ஒரே வாரத்தில் திருப்பி வைக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

எனக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. புகார்ப் பிரிவு. பன்னிரண்டு வருஷமாக ஒரே வசனம்: "ரவுட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க."

எங்கள் மேலாளருக்கு ஆபீசில் 'பஃபரிங்' என்று பெயர்; நெட்டில் படம் நின்று நின்று சுற்றுமே, அதுதான். ஒரு வார்த்தை சொல்வார், கண்ணை உருட்டுவார், அடுத்த வார்த்தை வருவதற்குள் டீ ஆறிவிடும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"நாளன்னைக்கு... தொலைத்தொடர்பு ஆணையம்... பொதுக்கூட்டம் வச்சு கருத்துக் கேக்குது. சில தளங்களை வேகமா விட்டு... மத்ததை மெதுவா விட... நமக்கு உரிமை உண்டான்னு. உண்டுன்னு... நீங்க பேசணும்."

"நானா சார்?"

"நல்லாப் பேசினா நீங்கதான் பிரிவுத் தலைவர்." இதை மட்டும் தடங்கல் இல்லாமல் சொன்னார்.

பேசுகிறேன் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன். அதுதான் அந்த முடிவு.

வீட்டில் ஒத்திகை பார்க்க வேண்டும் அல்லவா? மனைவி சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். அதுதான் அவளுடைய பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மேஜையிலிருந்தே வீடியோவில் பாடம் எடுக்கிறாள். லேப்டாப்புக்கு முட்டுக்கொடுக்க இரண்டு அகராதிகள்.

"இங்க பாரு. ரோட்டுல ஆம்புலன்ஸுக்கு வழி விடறோமில்ல? அதே மாதிரி நெட்டுலயும் ஒரு வேக வழி."

"நல்ல விஷயம்தானே. ஆம்புலன்ஸ் யாரு?"

"யாரு எங்க கம்பெனியோட ஒப்பந்தம் போடறாங்களோ அவங்க."

"அப்ப அது ஆம்புலன்ஸ் இல்லீங்க, மாப்பிள்ளை ஊர்வலம். சரி, ஒப்பந்தம் போடாதவங்க?"

"வருவாங்க. கொஞ்சம் மெதுவா வருவாங்க."

"வேகம் வேகம்னு சொல்றீங்க. எனக்கென்னவோ இது வேகாதுன்னு தோணுது."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. செய்தே காட்டுகிறேன் என்று ரவுட்டருக்குள் நுழைந்தேன். என் போன் வேக வழி. அவள் லேப்டாப் சாதா வழி. "நாளைக்குப் பாரு, உனக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றேன்.

மறுநாள் எனக்கு விடுமுறை. சாயங்காலம் நாலு மணிக்கு என் போனில் பந்தாட்டம் பளிங்கு மாதிரி ஓடியது. கோல்கீப்பரின் வியர்வைத் துளியை எண்ணலாம். எதிரே மனைவியின் வகுப்பு. காலில் கட்டுப் போட்ட ஒரு பத்து வயதுப் பெண், தானே எழுதிய கதையைப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் படுக்கையிலேயே எழுதிய கதை. கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். வாய் திறந்தபடி படம் நின்றுவிட்டது.

"மிஸ், கேக்குதா?" என்று ஒரு குரல் துண்டு துண்டாக வந்தது. "மி... கேக்... தா?" மூன்றாவது தடவை கேட்கவில்லை. இணைப்பு அறுந்தது.

போனைக் கவிழ்த்து வைத்தேன். யாரோ கோல் போட்டார்கள். யார் என்று பார்க்கவில்லை.

"சரி பண்ணிடறேன்" என்றேன்.

"வேணாங்க. கூட்டம் முடியட்டும். நாளைக்கு நல்லாப் பேசுங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். ஆணையத்தின் தலைவி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அம்மாள். முன்வரிசையில் பஃபரிங். நான் பேசினேன். ஆம்புலன்ஸை ஓட்டினேன். பஃபரிங் தலையாட்ட ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார், பிறகு முடித்தார்.

"பொதுமக்கள் யாராவது கேள்வி கேக்கணுமா?" என்றார் தலைவி.

மூன்றாவது வரிசையில் ஒரு கை. அந்த வளையலை எனக்குத் தெரியும்.

"கேள்வி என்னோடது இல்லீங்க. என் மாணவியோடது" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள் என் மனைவி. மண்டபத்து இணைப்பில், திரை முழுக்க அந்தப் பெண்ணின் முகம்.

"அங்கிள், நேத்து நான் கதை படிக்கும்போது ஏன் நின்னுபோச்சு?"

பன்னிரண்டு வருஷப் பழக்கம். என் வாய் தானாகத் திறந்தது. "ரவுட்டரை ஒரு தடவை அணைச்சு..."

மண்டபம் சிரித்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். மனைவியைப் பார்த்தேன். அவள் அகராதி மாதிரி அசையாமல் நின்றாள்.

"நான்தாம்மா நிறுத்தினேன்" என்றேன். "என் போனுக்கு வேகம் வேணும்னு உன்னோடத மெதுவாக்கிட்டேன். உன் கதை என் லிஸ்டுல இல்ல."

"அப்ப இப்ப படிக்கட்டுமா?"

தலைவி கண்ணாடியைக் கழற்றினார். "படி கண்ணு."

படித்தாள். குச்சி முறிந்த ஒரு பட்டம், பறக்க முடியாமல், ஒரு ஜன்னலுக்குத் திரையாகிவிடும் கதை. ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை. இருநூறு பேரும் கை தட்டினார்கள். பஃபரிங்கும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

"கம்பெனி தரப்புல வேற ஏதாவது?" என்றார் தலைவி.

"இல்லீங்கம்மா. எல்லாரும் ஒண்ணாவே போகட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது.

வேலை போகவில்லை. "உங்களுக்கு... பொய்... வரல. புகார்ப் பிரிவுக்கு அதுதான்... நல்லது. அங்கேயே இருங்க" என்றார் பஃபரிங். மூன்று மாதம் கழித்து ஆணையத்தின் உத்தரவு வந்தது: எந்தத் தளமும் முன்னே இல்லை, எதுவும் பின்னே இல்லை. அதே வாரம் அந்தப் பெண் ஊன்றுகோலோடு நாலு அடி நடந்தாள். வீடியோவில் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது.

உத்தரவைப் படித்த சந்தோஷத்தில் மனைவியிடம் சொன்னேன்: "ஊருக்கே சமத்துவம் வந்தாச்சு. இந்த வீட்டுலயும் வேணும்."

"தாராளமா. ஞாயித்துக்கிழமை வகுப்பு உங்களோடது. பத்துப் பிள்ளைங்க. ஒரு கதை சொல்லுங்க."

இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி உட்கார்ந்தேன். நானே எழுதிய கதை. முதல் அத்தியாயத்தில் அரசனின் குடும்ப வரலாறு. இருபது நிமிஷம் உருகி உருகிப் படித்துவிட்டு நிமிர்ந்தேன். திரையில் பத்துக் கட்டம். பத்து முகமும் ஆடாமல் அசையாமல்.

"ஐயையோ, லைன் நின்னுபோச்சு! யாரோ நம்ம லைனை மெதுவாக்கிட்டாங்க! இப்பவே ஆணையத்துக்கு எழுதறேன்!"

மனைவி வந்தாள். குனிந்து திரையைப் பார்த்தாள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

"லைன் நல்லாத்தாங்க ஓடுது. குறட்டை கேக்குது பாருங்க."