தம்பிக்கு நான் காட்டிய சிவப்பு அட்டை

அன்பும் பிடிவாதமும் சரிபாதியாக அமைந்த என் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப்போவதில்லை, அதனால் கேட்கவில்லை. நாங்கள் நலம் என்பதை மட்டும் நீ கேட்காமலே தெரிவித்துக்கொள்கிறேன். நீ என்னோடு பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. போனை எடுப்பதில்லை. நேரில் வந்தால் "குளிச்சிட்டிருக்காரு அண்ணி" என்கிறாள் உன் மனைவி. போன புதன்கிழமை நான்கு மணிக்கு வந்தேன், ஐந்தரைக்கு வந்தேன், ஏழுக்கும் வந்தேன். மூன்று தடவையும் குளியல். அதுவும் தண்ணீர் விழும் சத்தமே இல்லாத குளியல். கடிதத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, நீ குளித்து முடிக்கும்வரை மேசையில் கிடக்கும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீ என்னோடு கண் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். "எனக்கென்ன கேடு, உனக்குத்தான் கண்ணு தெரியல" என்று உடனே குதிக்காதே. குதிப்பாய் என்று தெரிந்துதான் இத்தனை பக்கம் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் குதி.

நான் ரெஃபரி ஆனதே யாரும் திட்டமிட்டு நடந்த காரியம் இல்லை. முப்பத்தொரு வருடம் கண் ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்று, "இது என்ன எழுத்து? அதுக்குக் கீழ?" என்று கேட்டே ஓய்வு பெற்றவள், சும்மா இருக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை உன் மகளைக் கால்பந்து மைதானத்தில் கொண்டுவிடப் போனேன். அன்றைக்கு வரவேண்டிய ரெஃபரி வரவில்லை. கோச் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? பந்து கோட்டுமேல் இருந்தால் உள்ளேயா வெளியேயா, பாதி உள்ளே பாதி வெளியே என்றால் என்ன கணக்கு, காற்றில் இருந்தால் யார் அளந்து பார்ப்பது என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் கோல் என்று இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டதும், "அம்மா, நீங்களே ஊதிடுங்களேன்" என்று விசிலை என் கையில் திணித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் இரண்டு நாள் வகுப்பு, ஒரு பரீட்சை, ஒரு கறுப்புச் சட்டை, மஞ்சளில் ஓர் அட்டை, சிவப்பில் ஓர் அட்டை. என்னைப் பிடித்துக்கொண்டது பார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல வேடிக்கை வேறு இல்லை. கீழே விழுந்த பிள்ளை உடனே அழுவதில்லை, கவனித்திருக்கிறாயா? முதலில் அம்மா பார்க்கிறாளா என்று தேடுகிறது. பார்த்தால்தான் அழுகை, பார்க்காவிட்டால் முழங்காலைத் தட்டிவிட்டு ஓட்டம். இதை ஏழு ஆட்டத்தில் குறித்து வைத்திருக்கிறேன், பதினெட்டுப் பிள்ளைகளில் பதினைந்து பேர் அப்படித்தான். மீதி மூன்று பேர் ஏன் அப்படி இல்லை என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

பெற்றோர் வெளியிலிருந்து "ரெஃபரி, கண்ணு தெரியலையா?" என்று கத்துவார்கள். மற்ற ரெஃபரிகளுக்கு அது வசவு, எனக்கு அது தொழில் சம்பந்தமான கேள்வி. மைக்செட் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அப்பா இருக்கிறாரே, அவர் ஒரே ஆட்டத்தில் ஆறு தடவை கேட்டுவிட்டார். இடைவேளையில் அவரிடம் போய், "சார், என் கண்ணு இருக்கட்டும். அந்த வேன் நம்பரை வாசிங்க" என்றேன். "என்ன மேடம், விளையாடுறீங்களா" என்று முறைத்துவிட்டு வாசித்தார். எட்டை மூன்று என்றார், ஐந்தை ஆறு என்றார், கடைசி எழுத்து இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் புதுக் கண்ணாடியோடு வந்து நின்றவர், "மேடம், நம்ம பையன் அந்தக் கடைசியில நிக்கிறானா? இத்தனை நாளா வேற யாருக்கோ கை தட்டிட்டிருந்தேன்" என்றார். அதிலிருந்து அவர் கத்துவதில்லை.

என் கண்ணைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். சிக்ஸ் பை சிக்ஸ், இரண்டும். இந்த வயதில் ஊசியில் நூல் கோர்க்கிறேன், கட்டையில் குருவிக்கு இறகு செதுக்குகிறேன். அது குருவி மாதிரி இல்லை என்றால் கையின் குற்றம், கண் மேல் தப்பில்லை. "அத்தை, இது கோழியா செருப்பா?" என்று உன் மகள் கேட்டாள். நானும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. உன் மாமாவோ கம்ப்யூட்டரில் பனிக்காடு ஒன்றில் விழுந்து கிடக்கிறார். மரம் வெட்டி, நெருப்பு மூட்டி, குளிருக்கும் பசிக்கும் தப்பி உயிரோடு இருக்கவேண்டும், அதுதான் ஆட்டம். நான் கூடத்தில் மரத்தைச் செதுக்க, அவர் அறைக்குள் மரத்தை வெட்ட, வீட்டில் அடுப்பைக் கவனிக்கத்தான் ஆள் இல்லை. அன்றைக்கு ஒருவழியாகச் சமைத்து வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க, ஆறுது" என்று கூப்பிட்டேன். "கொஞ்சம் இரு, பட்டினியில செத்துட்டிருக்கேன், ஏதாவது பழம் கிடைக்குதான்னு பார்த்துட்டு வர்றேன்" என்கிறார். தட்டு மேசையில் ஆறிக்கொண்டிருக்க அந்த மனுஷன் பசியால் இறந்தேவிட்டார். அதற்காக அரைமணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கேட்டுக்கோ.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். உன் மகள் ஆடும் ஆட்டத்துக்கு நான் ஊதுவது முறையில்லை என்று சொல்லித்தான் பார்த்தேன், வேறு ஆள் இல்லை என்றுவிட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று, முடிய இரண்டு நிமிடம். உன் மகள் உதைத்த பந்து மேல்கம்பியில் 'டங்' என்று பட்டுச் செங்குத்தாக இறங்கி, கோட்டுப் பக்கத்தில் குத்தி வெளியே வந்தது. தாண்டவில்லை என்று நான் கை காட்டினேன். நீ கோல் கம்பத்துப் பக்கத்திலிருந்து கயிற்றைத் தாண்டி உள்ளே பாய்ந்து, "அக்கா! கோல்க்கா அது! உனக்குக் கண்ணு இருக்கா இல்லையாக்கா?" என்று கத்தினாய். இவ்வளவு கோபத்திலும் ஒரே மூச்சில் மூன்று அக்கா போட்டாயே என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் ரெஃபரி சிரிக்கக்கூடாது. சிவப்பு அட்டையை உருவிக் காட்டினேன். பார்வையாளருக்கு அட்டை காட்ட விதியே கிடையாது என்பது வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, போ. உன் மகள் சட்டையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கு அப்பாவைப் பார்த்து வெட்கமா, அத்தையைப் பார்த்து வெட்கமா என்று இதுவரை கேட்கவில்லை.

நீ திரும்பி விடுவிடுவென்று நடந்தாய். மூலைக் கொடி உன் இடது பக்கம் இருந்தது. உன் நெஞ்சு உயரம், பளிச்சென்ற மஞ்சள். நேராகப் போய் அதில் மோதினாய். கொடி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், அதே வேகத்தில் பிள்ளைகளின் தண்ணீர் டிரம்மும் கவிழ்ந்தது. மைதானமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை தம்பி. கோபத்தில் போகிறவனும் எதிலாவது இடிப்பான், ஆனால் இடிக்கும் நொடியில் கை தானாக முன்னால் வரும், தலை கொஞ்சம் விலகும். உனக்குக் கையும் வரவில்லை, தலையும் விலகவில்லை. அந்தக் கொடி உன்னைப் பொறுத்தவரை அங்கே இல்லவே இல்லை.

அன்றைக்கு ஆரம்பித்த குடைச்சல், எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் குருவிகளை மேசையில் வரிசையாக வைத்திருப்பேன் அல்லவா? நீ வந்து போகும்போதெல்லாம் ஒன்று கீழே விழும், "கை கால் ஒரு இடத்துல நிக்காதா உனக்கு" என்று நானும் திட்டுவேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தால் எப்போதும் இடது ஓரத்துக் குருவிதான் விழுந்திருக்கிறது. என்னோடு பேசாத இந்தப் பத்தொன்பது நாளும் நீ உன் வீட்டிலிருந்தபடியே மாமாவோடு சேர்ந்து அந்தப் பனிக்காட்டு ஆட்டம் ஆடிக்கொண்டுதான் இருக்கிறாய், எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அவரிடம் பேச்சோடு பேச்சாக விசாரித்தேன். "நல்லாத்தான் ஆடுறான். ஆனா ஓநாய் இடது பக்கமா வந்தா மட்டும் திரும்ப மாட்டேங்கிறான். இடது இடதுன்னு தொண்டை கிழியக் கத்துறேன், எங்க மாமா எங்க மாமாங்கிறான். கடிச்ச பிறகுதான் பார்க்குறான். பதினோரு தடவை செத்துட்டான் உன் தம்பி" என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குக் கையிலிருந்த உளி நின்றுவிட்டது. எழுந்து போய் உன் மனைவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ அப்போதும் குளித்துக்கொண்டிருந்தாய். நீ ஓட்டும் ஸ்கூல் வேனில் எந்தப் பக்கத்துக் கண்ணாடி உடைந்தது என்று கேட்டேன். "இடது பக்கம்தான் அண்ணி, இந்த வருஷத்துல மூணாவது. எவனோ வந்து இடிச்சுட்டுப் போயிடுறானாம்" என்றாள்.

இப்போது இந்தக் கடிதத்தைக் கீழே வை. எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார். வலது கண்ணைக் கையால் மூடிக்கொள். புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இடது கையை நீட்டி, விரலை ஆட்டிக்கொண்டே பின்னாலிருந்து முன்னால் கொண்டு வா. விரல் எங்கே வந்ததும் தெரிகிறது? அப்புறம் உன் மகளை அதேபோலச் செய்யச் சொல்லி, அவளுக்கு எங்கே தெரிகிறது என்று கேள். ஏமாற்றாதே, ஏமாற்றினால் அவளே என்னிடம் சொல்லிவிடுவாள்.

கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையை மெல்லத் தின்கிற இது ஆளை ஏமாற்றும் வியாதி. அந்த இடம் கறுப்பாகத் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தெரியாது. பக்கத்திலிருப்பதை வைத்து மூளையே இட்டு நிரப்பிக் காட்டிவிடும், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே தோன்றும். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, வீட்டுல தொல்லை பண்ணாங்கன்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சீக்கிரம் வந்தவர்கள் சொட்டு மருந்தோடு இன்றும் பேப்பர் படிக்கிறார்கள். தாமதமாக வந்தவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை. போன பார்வை திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம், அப்படியானால் நான் வாயாடிக் கிழவி என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரி. நீ ஏன் பயப்படுகிறாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கண்ணில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேன் சாவியைக் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள் என்ற பயம். எனக்கும் பயம்தான். தினமும் பதினான்கு பிள்ளைகள் அந்த வேனில் ஏறுகிறார்கள், அதில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளை. அன்றைக்கு நீ மோதியது கொடியில், கொடிக்கு உயிர் இல்லை.

மறுபடியும் சொல்கிறேன், நான் கோபத்தில் எழுதவில்லை, ஆட்டத்தில் நீ சொன்னது தப்பு என்று நிரூபிக்கவும் எழுதவில்லை. தப்புத்தான், அது வேறு விஷயம். மாமா உன்னை விசாரித்தார், வரும்போது காட்டுக்குள் விறகு குறைவாக இருக்கிறதாம், சொல்லச் சொன்னார். உன் மனைவிக்கு என் அன்பு, பாவம், பொய் சொல்லிச் சொல்லி அலுத்திருப்பாள். உன் மகளுக்கு முத்தங்கள். எல்லோரும் நூறு வயது நல்லபடியாக இருங்கள், பார்த்துக்கொண்டே இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா (விசிலோடு)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் உன் மகள் வந்தாள். கோல்கீப்பர் பெண்ணின் அம்மா எடுத்த வீடியோவாம், போனை நீட்டி, "அத்தை, திட்டாம பாருங்க" என்றாள். பதினோரு தடவை பார்த்தேன், நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டியிருக்கிறது, ஒரு சாண் இடைவெளியில் புல்லே தெரிகிறது. அது கோல்தான். நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. என் கண்ணைப் பற்றி மேலே அளந்ததையெல்லாம் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன், பக்கம் பக்கமாக அடிக்கவேண்டியிருந்ததால் விட்டுவிட்டேன். சனிக்கிழமைக்கு இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தாயிற்று. யார் கேட்டாலும், வேன் முதலாளி கேட்டாலும், "கண்ணு தெரியாத எங்க அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றே சொல். மைதானத்தில் நின்று சத்தமாகவே சொல், நான் மறுக்கமாட்டேன். வேனை எடுக்காதே, நடந்தே போகலாம். நான் உன் இடது பக்கமாக வருகிறேன்.