போடி மாமாவுக்கு நான் சொன்ன ஆறுதல்

அன்பாகப் பேச நல்ல மனசு மட்டும் போதாது, கொஞ்சம் மூளையும் வேண்டும். முதலாவது என்னிடம் தாராளமாக இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம். தேனிக் கடைத்தெருவில் அப்பாவின் துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஞானமுத்து மாமாவின் மகள் கிரேஸை எனக்குப் பெண் கேட்டிருந்தார்கள். மாமா பதில் சொல்வதற்குள், மலைக்குப் போனவர் காய்ச்சலோடு இறங்கி வந்து படுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து எங்கள் போதகர், "வியாதியஸ்தர்களிடம் போய் அன்பாக நாலு வார்த்தை பேசுங்கள். விசுவாசியின் நாக்கு மருந்தாக இருக்க வேண்டும்" என்று பிரசங்கித்தார். மறுநாளே கோட்டும் வெளுத்த வேட்டியுமாகப் போடிக்கு ரயிலேறினேன். (பெண்ணையும் பார்க்கலாம் அல்லவா!)

மாமா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கொயினா மருந்து குடித்த கசப்பு. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் பறந்துபோயின.

"பயப்படாதீக மாமா. பரலோகத்துல காய்ச்சலே கெடையாது."

மாமா ஒரு கண்ணைத் திறந்தார். "நான் அங்கன போறேன்னு எவன்லே உனக்குச் சொன்னது?"

"அய்யோ, அப்படிச் சொல்லல மாமா! கடையப் பத்தியும் நெனைக்காதீக. உங்களுக்குப் பெறகு நாங்க பாத்துக்கிடுவோம்."

மறு கண்ணும் திறந்தது.

பேச்சு சரிப்படவில்லை, பாடியாவது தேற்றுவோம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். எனக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. (அடக்க ஆராதனைகளில் பாடிப் பாடி மனப்பாடமானது. அது அப்போது உறைக்கவில்லை.) குரலும் எனக்குக் கொஞ்சம் பெரிசு. இரண்டாவது சரணம் முடியுமுன் பக்கத்து வீட்டு அம்மாள், "ஐயோ, போயிட்டாகளே! காலையிலகூடப் பேசுனாகளே!" என்று மாரில் அடித்துக்கொண்டு நுழைந்தார். அவர் பின்னால் பாதித் தெரு வந்தது. ஒருவர் சாவுமணி அடிக்கக் கோயிலுக்கே ஓடிவிட்டார்.

மாமா கம்பளியை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏலே, மணியடிக்கப் போனவனப் புடிங்கலே!" என்று கத்தியபடி தெருவாசல் வரை நடந்துபோய், தான் உயிரோடு இருப்பதை எல்லோருக்கும் காட்டிவிட்டுத் திரும்பினார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே கல்யாணப் பேச்சு முடிந்துபோனது. மெல்ல எழுந்து செருப்பைத் தேடினேன்.

அப்போதுதான் கிரேஸ் கஞ்சிக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் அவ்வளவு பதமாக வந்தது.

"அப்பா, எந்திரிக்கவே முடியலன்னு படுத்திருந்தீக. இவுக வந்த வேளை, வாசல் வரைக்கும் நடந்துட்டீகளே! வேர்த்துருச்சு, காய்ச்சலும் எறங்கிரும். ரெண்டு வாய் குடிங்கப்பா."

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அன்று அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே ஆறுதல் வார்த்தை அதுதான்.

தை மாதம் கல்யாணம். மாமா போட்டது ஒரே நிபந்தனை: "பொண்ணத் தாரேன். ஆனா என் அடக்கத்துல இவன் வாயத் தெறக்கக் கூடாது."

இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளில் யாராவது பள்ளிக்கூடம் போகாமல் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தால், கிரேஸ் அடுப்படியிலிருந்தே கேட்பாள்: "அப்பாவ வந்து ஆறுதல் சொல்லச் சொல்லவா?"

உடனே பாய் சுருட்டும் சத்தம் கேட்கும்.