பணத்தில் புரண்ட வாத்தியார்

அனுப்பிய பிறகுதான் வாத்தியார் கவனித்தார். குரல் பதிவு மாணவர்கள் குரூப்புக்குப் போகவில்லை. அறக்கட்டளை குரூப்புக்குப் போயிருந்தது.

வீட்டிலேயே ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர் அவர். அன்றைய பாடம், நிறையச் சம்பாதிப்பதைச் சொல்லும் ஆங்கில மரபுத்தொடர்கள். பணத்தில் புரள்கிறேன், வாரி வாரிக் குவிக்கிறேன், நாணயச் சாலையே நடத்துகிறேன் என்று ஆங்கிலத்தில் முழங்கியிருந்தார். நாம் கொள்ளை லாபம் என்பதை வெள்ளைக்காரன் கொலை செய்தேன் என்பானாம். மனுஷன் அதையும் விட்டுவைக்கவில்லை.

அவர் மனைவிக்கு டயாலிசிஸ் இலவசமாக நடப்பதே அந்த அறக்கட்டளையின் தயவில்தான். தனக்கு வருமானமே இல்லை என்று சொல்லித்தான் அந்த இலவசப் பட்டியலில் இடம் வாங்கியிருந்தார். அந்த இடம் போனால் அவளும் போய்விடுவாள்.

பதறிப்போய்ப் பதிவை அழித்தார். உடனே அறக்கட்டளை உதவியாளர் போன் செய்தார்.

"ஏன் சார் அழிச்சீங்க? பெரியவர் இன்னொரு தடவை கேக்கணும்கிறார்."

தொலைந்தோம் என்று முடிவே கட்டி, மேலே பேசவிடாமல் போனை வைத்துவிட்டார் வாத்தியார். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம், சும்மா இருங்கள் என்று மனைவி தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். சும்மா இருக்கிற ஜென்மமா அது? சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அறக்கட்டளைத் தலைவரான பெரியவர் இரும்பு வியாபாரி. சிரித்த முகமாக வரவேற்றார். அந்தச் சிரிப்பே வாத்தியாருக்குக் கிலியைக் கிளப்பியது. பதிவில் சொன்னதெல்லாம் நிஜமில்லை, வெறும் பாடம் என்றார் இவர். யாருக்குப் பாடம் என்று கேட்டார் பெரியவர். மாணவர்களுக்கு என்று உளறினார். அதைச் சமாளிக்க, வருவது வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகிவிடுகிறது என்றார். அப்படியானால் ஏதோ வருகிறது என்றாகிவிட்டது. கடைசியில், பயத்தில் பொய் சொல்லிவிட்டேன் என்று காலில் விழாத குறையாக அழுதார்.

பெரியவர் முகம் சுண்டிப்போயிற்று. "பொய் சொல்லாம காத்துக்கிட்டிருக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க வாத்தியாரே. இனிமே வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாசல் வரை கூட வந்த உதவியாளரிடம், பதிவைக் கேட்டதும் பெரியவர் ரொம்பக் கோபப்பட்டாரா என்று விசாரித்தார் வாத்தியார்.

"கோபமா? எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது சார். நன்றி சொல்றீங்கன்னு நெனச்சு கண் கலங்கிட்டார். உங்க வீட்டு அக்காவுக்கு ஆயுசு முழுக்க இலவசம்னு அப்பவே உத்தரவு போட்டார்; அதைச் சொல்லத்தான் உங்களுக்குப் போன் பண்ணினேன்."